மலையிறங்கும் பெருவண்டியும் அதன் பிரேக்கும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் யாவரும் அதன் ஓட்டத்தைப் பற்றியே பேசுவர். எத்தனை குதிரைச் சக்தி, எவ்வளவு வேகம், எத்துணைச் செங்குத்தான மேட்டில் ஏறும் என்னும் வினாக்களே முதலில் எழும். அவ்வண்டி எங்ஙனம் நிற்கும் என்று வினவுவார் மிகச் சிலர். நான்கு சக்கரங்களும் எஞ்சினால் இயக்கப்படும் பளுவான வண்டிகளின் விஷயத்தில் இக்குறை இன்னும் மிகுதி. சேற்றையும் மணலையும் பாறையையும் கடக்கும் ஆற்றலைக் கண்டு வியக்கும் நாம், அவ்வாற்றலைத் தருவதற்காகச் சேர்க்கப்பட்ட இரும்பின் பளு முழுவதும் இறக்கத்தில் நம்மைப் பின்னின்று தள்ளுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். அதை மறந்த ஒரு நாளின் அநுபவத்தையும், அதனால் நாம் கற்ற பாடத்தையும் இங்கு எழுதப் புகுகின்றோம். பௌதிகம் பயிலும் மாணவர்க்கு வகுப்பிற் கற்றதன் உதாரணமாகவும், வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர்க்கு ஓர் எச்சரிக்கையாகவும் இது பயன்படுமென்று நம்புகின்றோம்.

கொல்லிமலையில் நிகழ்ந்தது

வல்வில் ஓரியின் மலையென்று சங்கச் செய்யுட்களால் நாம் அறிந்த கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. அடிவாரத்தினின்று மேலே செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மலைத் தாவரங்களைக் காணும் பொருட்டு ஆசிரியர் இருவராகிய நாமும் மாணவர் ஐவரும் அங்குச் சென்றிருந்தோம். பழைய மாணவராகிய நண்பர் ஒருவர் தமது வண்டியையும் டிரைவரையும் உதவினார். வண்டி நான்கு சக்கர இயக்கமுடையது. முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கும் உள்ளது. நண்பர் அதற்குப் பெரிய டயர்களைப் பூட்டி, வில்களை மாற்றி உடலை உயர்த்தி, கூரைமேல் இரும்புக் கேரியரும் அமைத்திருந்தார். பார்வைக்கு மிகவும் கம்பீரமாயிருந்தது.

திரும்பும் நாளில், சேகரித்த செடிகளோடு பலாப்பழங்களும் அன்னாசிப் பழங்களும் வாழைத் தார்களும் கேரியரில் ஏறின. சேலத்தில் மாலை ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தமையால், டிரைவரைச் சற்று விரைந்து செல்லுமாறு நாமே கேட்டுக்கொண்டோம். பாதி வழி இறங்குமுன் கருகிய நாற்றம் எழுந்தது. பின்னும் சில வளைவுகள் சென்றதும் டிரைவர், “ஐயா, பெடல் கீழே போகிறது, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றார். குரலில் நடுக்கமில்லை. பெடலை மீண்டும் மீண்டும் மிதித்துக்கொண்டே கியரை இரண்டாவதற்கும் பின் முதலாவதற்கும் மாற்றி, கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்கத்து வடிகாலில் இரு சக்கரங்களை இறக்கி வண்டியை நிறுத்தினார். எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தை மாணவர் எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தபொழுது பெடல் முன்போலவே கெட்டியாயிருந்தது. முதல் கியரிலேயே ஊர்ந்து அடிவாரம் சேர்ந்தோம். அங்குள்ள மெக்கானிக் ஒருவர் வண்டியைச் சமதரையில் ஓட்டி, மூன்று முறை நிறுத்திப் பார்த்து, “பிரேக்கில் குறை ஒன்றுமில்லை” என்று கூறிவிட்டார். இச்செய்தியைக் கேட்ட நண்பர், டிரைவர் தம் தவற்றை மறைக்கவே பெடல் தாழ்ந்ததாகக் கூறுகிறார் என்று கருதினார். வேறு டிரைவரை அமர்த்துவதென்றும், வெளிநாட்டினின்று பெரிய டிஸ்க்குகளும் ஆறு பிஸ்டன் உள்ள காலிப்பர்களும் வரவழைத்துப் பூட்டுவதென்றும் தீர்மானித்தார். பதினைந்து ஆண்டுகள் மலைப்பாதையில் வண்டியோட்டிய ஒருவரின் பிழைப்பும் நற்பெயரும் ஒரு மெக்கானிக்கின் ஒரு சொல்லால் போவதை நாம் விரும்பவில்லை. இரண்டு வாரம் தவணை கேட்டு, காரணத்தை ஆராயத் தொடங்கினோம்.

உஷ்ணத்தின் கணக்கு

இயங்கும் பொருளின் இயக்க சக்தி, அதன் நிறையிற் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கி வருவது. ஆட்களோடும் சாமான்களோடும் 3000 கிலோகிராம் நிறையுள்ள வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர், அஃதாவது வினாடிக்கு ஏறக்குறைய 22.2 மீட்டர், வேகத்தில் செல்லுமாயின் அதன் இயக்க சக்தி சுமார் 7,40,000 ஜூல் ஆகும். அதே வேகத்தில் செல்லும் 1000 கிலோகிராம் நிறையுள்ள சிறு காரின் சக்தி இதில் மூன்றிலொரு பங்கே. பெருவண்டியின் வேகம் 100 கிலோமீட்டராக உயர்ந்தால் அதன் சக்தி சுமார் 11,57,000 ஜூலாகும். வேகம் கால் பங்கு கூட, சக்தி பாதிக்கு மேல் கூடிவிடுகிறது.

பிரேக்கு இச்சக்தியை அழிப்பதில்லை; உராய்வினால் உஷ்ணமாக மாற்றுகிறது. அவ்வுஷ்ணத்தை முதலில் ஏற்பது சக்கரங்களிலுள்ள வார்ப்பிரும்பு. நான்கு சக்கரங்களிலும் உள்ள டிஸ்க், டிரம் இவற்றின் இரும்பு 40 கிலோகிராம் என்று கொள்வோம். ஒரு கிலோகிராம் வார்ப்பிரும்பை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 460 ஜூல் வேண்டும். ஆகவே 80 கிலோமீட்டர் வேகத்தினின்று ஒரு முறை நிறுத்தினால், அவ்விரும்பின் உஷ்ணநிலை சராசரியாக 40 டிகிரி உயரும். வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களையே சார்வதால் அங்கு ஏற்றம் இதனினும் அதிகமாயிருக்கும். எனினும் இது பெரிதன்று. சமவெளிச் சாலையில் அடுத்த முறை நிறுத்துவதற்குள் காற்று அதனைக் குளிர்வித்துவிடும்.

மலையிறக்கத்தின் கணக்கு வேறு. 3000 கிலோகிராம் வண்டி 1000 மீட்டர் உயரம் இறங்கும்பொழுது விடுவிக்கும் சக்தி சுமார் 2,94,00,000 ஜூல். இது 80 கிலோமீட்டர் வேகத்தினின்று 40 முறை நிறுத்துவதற்குச் சமம். இதை முழுதும் பிரேக்கே ஏற்று, காற்றாற் சிறிதும் குளிராதிருக்குமாயின், அந்த 40 கிலோகிராம் இரும்பின் உஷ்ணநிலை 1600 டிகிரி உயர வேண்டும். வார்ப்பிரும்போ சுமார் 1200 டிகிரியிலேயே உருகிவிடும். உண்மையில் காற்றும், டயர்களின் உருள்தடையும், எஞ்சினும் பங்கு கொள்வதாலேயே வண்டிகள் மலையிறங்குகின்றன.

இதனையே வேறொரு வகையாகவும் நோக்கலாம். 100 மீட்டருக்கு 7 மீட்டர் தாழும் சாலையில் இவ்வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குமாயின், ஒவ்வொரு வினாடியும் விடுபடும் சக்தி 20,600 ஜூல். அஃதாவது 1000 வாட் மின்சார அடுப்புகள் இருபதினை ஒருங்கே எரிப்பது போலாம். இதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உருள்தடையிற் கழியும். எஞ்சியதை எஞ்சின் ஏற்பதா, பிரேக்கு ஏற்பதா என்று பங்கிடுவது டிரைவரின் கையிலுள்ள கியர்த் தண்டே. தாழ்ந்த கியரில் எஞ்சின் விரைந்து சுழன்று, அச்சக்தியைத் தன்னுள் வாங்கி, ரேடியேட்டர் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் வெளியேற்றும். உயர்ந்த கியரில் அதனாற் சிறிதே இயலும். மீதி முழுவதும் பிரேக்கின்மேல் விழும்.

நிறுத்துவது டயரே

பெரிய பிரேக்கு பூட்டினால் வண்டி குறுகிய தூரத்தில் நிற்கும் என்பது பலருடைய நம்பிக்கை. இதனைச் சற்று ஆராய்தல் வேண்டும். பிரேக்கு நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு. டயர் பற்றக்கூடிய அளவுக்கு மேல் பிரேக்கு அழுத்தினால், சக்கரம் சுழலாமல் வழுக்கும். உராய்வெண் 0.8 உள்ள உலர்ந்த தார்ச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தினின்று நிற்க வேண்டிய தூரம் சுமார் 31 மீட்டர். மழையில் அவ்வெண் 0.5 ஆகக் குறைந்தால் தூரம் 50 மீட்டராகும். இவற்றோடு, ஆபத்தைக் கண்டு கால் பெடலைச் சேர்வதற்குள் கழியும் ஒரு வினாடியின் 22 மீட்டரையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இக்கணக்கில் வண்டியின் நிறை வரவேயில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க. நிறை மிகுந்தால் பற்றும் மிகும், இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்யும்.

ஆகவே, இப்பொழுதுள்ள பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும் வலிமையுடையதாயின், அதனினும் பெரியதைப் பூட்டுவதால் முதல் முறை நிறுத்தும் தூரம் குறையாது. பத்தாம் முறையும் நாற்பதாம் முறையும் முதல் முறை போலவே நிறுத்த உதவும் என்பதே பெரிய பிரேக்கின் மெய்யான பயன். இரும்பு மிகுந்தால் உஷ்ணத்தை ஏற்கும் இடம் மிகும். பரப்பு மிகுந்தால் அதைக் காற்றுக்கு விடும் வாயிலும் மிகும். உஷ்ணத்தைத் தாங்குவதற்காகவே பெரிய பிரேக்கு. தூரத்தைக் குறைப்பதற்கு நல்ல டயர்.

பெரிய டயர் பூட்டியவர்கள் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். பிரேக்கு தரும் முறுக்கு விசை மாறாதிருக்க, சக்கரத்தின் விட்டம் 30 அங்குலத்தினின்று 33 அங்குலமாகப் பெருத்தால், தரையிற் செயற்படும் தடைவிசை ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். எஞ்சின் தரும் தடையும் அதே அளவு குறையும். சேற்றுக்கென்று செய்யப்பட்ட பெருங்கட்டை டயர்கள் ஈரமான தார்ச்சாலையில் சாதாரண டயர்களைப் போலப் பற்றுவதுமில்லை.

உயர்த்துவதிலும் தீங்குண்டு. பிரேக்கு பிடிக்கும்பொழுது வண்டி முன்னே குனிவதைக் காண்கிறோம்; பின்சக்கரங்களின் சுமையில் ஒரு பகுதி முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. முன்பின் சக்கரங்களின் இடைத்தூரம் 2.8 மீட்டரும், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 0.8 மீட்டரும் உள்ள 3000 கிலோகிராம் வண்டியைப் புவியீர்ப்பு வேகவளர்ச்சியில் பத்தில் ஏழு பங்கு அளவு கடுமையாக நிறுத்தினால், இவ்வாறு மாறும் சுமை 600 கிலோகிராம். வண்டியை உயர்த்தினாலும் கூரைமேல் சாமான் ஏற்றினாலும் மையம் உயர்ந்து இம்மாற்றம் பெருகும். பழச்சுமையைக் கூரைமேல் ஏற்றச் சொன்னவர் நாமே.

பெடல் தாழ்ந்த காரணம்

டிஸ்க் பிரேக்குக்கு 1902-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்னும் அறிஞர் உரிமைப் பத்திரம் பெற்றார். எனினும் 1953-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லெமான் பந்தயத்தில் அதனைப் பூட்டிய ஜாகுவார் கார் வெற்றி பெற்ற பின்னரே உலகம் அதன் மேன்மையை நன்கு உணர்ந்தது. டிரம் சூடேறினால் விரிந்து, உள்ளிருக்கும் ஷூவினின்று விலகும். டிஸ்க்கோ காற்றில் வெளிப்பட்டிருப்பதால் விரைவிற் குளிரும். விரிந்தாலும் பேட்டை நோக்கியே விரியும். ஆயினும் டிஸ்க் பிரேக்கும் தவறுதல் உண்டு. அத்தவறு இரு வகைப்படும். இவ்விரண்டையும் பிரித்தறிதல் மிக அவசியம்.

முதல் வகை, பேட் தன் பற்றை இழத்தல். அளவுக்கு மிஞ்சிச் சூடேறிய பேட்டின் உராய்வெண் குறைந்துவிடும். அப்பொழுது பெடல் கல்லைப்போலக் கெட்டியாகவே இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி மட்டும் நிற்காது.

இரண்டாம் வகை, பிரேக் ஆயில் கொதித்தல். காலின் அழுத்தம் மாஸ்டர் சிலிண்டரினின்று குழாய்களிலுள்ள திரவத்தின் வழியே பாஸ்கலின் விதிப்படி ஒவ்வொரு சக்கரத்தையும் அடைகிறது. திரவம் எளிதில் அமுங்காதாகையால் அழுத்தம் குறைவின்றிச் செல்கிறது. காலிப்பரின் சூட்டினால் அத்திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகுமாயின், ஆவி அமுங்கும் இயல்புடையதாகையால், மிதித்த மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே கழிந்து பெடல் தரையைத் தொடும். குளிர்ந்ததும் ஆவி மீண்டும் திரவமாகி, குற்றம் நிகழ்ந்ததற்கு அடையாளமே இல்லாமற் போகும்.

நமது டிரைவர் கூறியது இரண்டாம் வகையோடு முற்றிலும் ஒத்தது. ஒரு மணி நேரத்தில் பெடல் கெட்டியானதும் அதற்கே சான்று. மெக்கானிக் ஏன் ஒன்றும் காணவில்லை என்பதும் முன் கூறிய கணக்கினால் விளங்கும். 40 கிலோமீட்டர் வேகத்தினின்று ஒரு முறை நிறுத்தினால் இரும்பு 10 டிகிரியே சூடேறும். மூன்று முறைக்கு 30 டிகிரி. அச்சூட்டில் எந்தப் பிரேக் ஆயிலும் கொதியாது. அவர் சோதித்தது குளிர்ந்த பிரேக்கை. தவறியதோ காய்ந்த பிரேக்கு.

இனி, ஆயில் ஏன் கொதித்தது? சாதாரணப் பிரேக் ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையவை. ஈரம் சேரச் சேரக் கொதிநிலை தாழும். டாட் 3 என்னும் வகை புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அவ்வெல்லை 140 டிகிரி. டாட் 4 வகைக்கு இவ்வெண்கள் முறையே 230, 155, டாட் 5.1 வகைக்கு 260, 180. வண்டியின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபொழுது, நான்கு ஆண்டுகளாக ஆயில் மாற்றப்படவில்லை என்று தெரிந்தது. குப்பியில் அது கடுங்காப்பி போலக் கறுத்திருந்தது. நகரத்துப் பட்டறையொன்றில் கொதிநிலை காட்டும் கருவியால் அளந்ததில், 150 டிகிரிக்கும் குறைவாகக் காட்டியது.

இன்னும் ஒரு குறையும் வெளிப்பட்டது. இத்தகைய வண்டிகள் பலவற்றில் பின் அச்சுக்கும் உடலுக்கும் இடையே ஒரு நெம்புகோல் இருக்கும். சுமை ஏறி உடல் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தையும், சுமையின்றி உடல் உயர்ந்தால் குறைந்த அழுத்தத்தையும் அது அநுப்பும். வண்டியை உயர்த்தியவர்கள் இந்நெம்புகோலைத் திருத்தி அமைக்கவில்லை. ஆகவே எட்டுப் பேரும் பழச்சுமையும் ஏறியிருந்தும், வண்டி வெறுமையாயிருக்கிறதென்றே அது கருதிவந்தது. பின் டிரம்களின் ஷூக்களும் தளர்ந்திருந்தன. இவ்வாறு நான்கு சக்கரங்கள் செய்ய வேண்டிய வேலையை முன்சக்கரங்கள் இரண்டே செய்து, காய்ந்து, ஆயிலைக் கொதிக்க வைத்தன.

டிரைவரிடம் நாம் வினவியதற்கு அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. “மூன்றாவது கியரில் இறங்கியது என் பிழைதான், ஐயா. இரண்டாவதில் இறங்கினால் ரயில் தவறிவிடுமே என்று பார்த்தேன்” என்றார். அவ்விரைவுக்குக் காரணர் யாரென்பதை நாம் அறிவோம்.

பெரிய பிரேக்கு வேண்டுமா?

நண்பர் எண்ணியபடி பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் பூட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? டிஸ்க்கின் ஆரம் பத்தில் ஒரு பங்கு கூடினால் அதே அழுத்தத்தில் முறுக்கு விசையும் அவ்வளவு கூடும்; இரும்பும் மிகும். இவை நன்மைகளே. ஆனால் காலிப்பரின் பிஸ்டன் பரப்பு 20 சதுர சென்டிமீட்டரினின்று 25 ஆக உயர, மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருக்குமாயின், விசை கால் பங்கு கூடுவதோடு, காலிப்பருக்குச் செல்ல வேண்டிய திரவமும் கால் பங்கு கூடும். பெடல் அந்த அளவுக்கு அதிகம் தாழ வேண்டும். முன்பிரேக்கு மட்டும் வலுத்தால் முன்சக்கரங்கள் முந்திப் பூட்டிக்கொண்டு ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படா. பின்பிரேக்கு மட்டும் வலுத்தால் பின்சக்கரங்கள் வழுக்கி வண்டி சுழன்றுவிடும். இது முன்னதினும் கொடிது. சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி காக்கும் ஏ.பி.எஸ். என்னும் மின்னணு அமைப்பும், அவ்வண்டியின் பழைய பிரேக்குக்கென்றே அளவிடப்பட்டது. பெரிய காலிப்பர் பழைய சக்கர வளையத்துக்குள் அடங்காமையும் உண்டு. இத்தனைக்கும் மேலாக, அதே பழைய ஆயில் குழாய்களில் இருந்திருக்குமாயின், சில வளைவுகள் கழித்து அதுவும் கொதித்தே இருக்கும்.

ஆகையால் பிரேக்கை மேம்படுத்த விரும்புவோர்க்கு நாம் கூறும் வரிசை இது. முதலாவது, வண்டியைச் செய்தவர் அமைத்த நிலைக்கு அதனைக் கொண்டுவருதல்: காலிப்பர் தங்கு தடையின்றி நகர்கிறதா, ஷூ தளர்ந்திருக்கிறதா, டிஸ்க் அதன்மேல் பொறித்துள்ள குறைந்த கனத்துக்குக் கீழே தேய்ந்துவிட்டதா என்று பார்த்தல் வேண்டும். இரண்டாவது, ஆயில்: டாட் 4 வகையைப் புதிதாக நிரப்பி, இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றுதல். சிலிக்கோனாற் செய்யப்பட்ட டாட் 5 வகையை மற்றவற்றோடு கலத்தல் ஆகாது. மூன்றாவது, பேட்: பளுவான வேலைக்குரிய, சூடு தாங்கும் பேட்டுகளைப் பூட்டி, முதலில் மிதமாகப் பலமுறை பிடித்து டிஸ்க்கோடு பழக்குதல். பந்தயக் கார்களின் பேட் குளிர்ந்த நிலையில் நன்கு பற்றாதாகையால் அது நமக்கு ஏற்றதன்று. நான்காவது, குழாய்: பழைய ரப்பர்க் குழாய்கள் அழுத்தத்தில் வீங்கும். புதியனவோ, எஃகுக் கம்பி பின்னிய தரச் சான்றுள்ள குழாய்களோ பூட்டினால் பெடல் கெட்டியாகும். தூரம் குறையும் என்று எதிர்பார்க்கலாகாது. ஐந்தாவது, டிஸ்க்: உள்ளே காற்றோட்டமுள்ள டிஸ்க் நன்று, கீறலிட்டது பேட்டினின்று எழும் வாயுவை வெளியேற்றும், துளையிட்டதோ பெருஞ்சூட்டில் துளையோரம் வெடிக்கக்கூடும்.

இவையெல்லாம் செய்தும் போதாதபொழுதே பெரிய பிரேக்கு. எப்பொழுதும் பெருஞ்சுமை தாங்கிச் செல்வனவும், குண்டு துளைக்காத கவசம் பூண்டனவும், வீடுபோல அமைக்கப்பட்டனவுமாகிய வண்டிகளுக்கு அது மெய்யாகவே தேவைப்படலாம். அப்பொழுது மாஸ்டர் சிலிண்டர், முன்பின் பங்கீடு, சக்கர வளையம் யாவும் ஒருங்கு கணக்கிட்ட முழுத் தொகுதியாகவே அதனைப் பூட்டுதல் வேண்டும். பின்னே இழுக்கும் பளுவான டிரெயிலருக்கு அதற்கென்றே பிரேக்கு இருத்தல் வேண்டும். மேலும், பதிவுச் சான்றிதழிற் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றுதலை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறதாகையால், பெரிய மாற்றங்களைச் செய்யுமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் நலம்.

இறங்கும் முறை

எத்துணை நல்ல பிரேக்காயினும் இறங்கும் முறை தெரியாவிடின் பயனில்லை. ஏறிய கியரிலேயே இறங்குக என்பது பழைய டிரைவர்களின் விதி. சுமை மிகுந்தால் அதனினும் ஒன்று தாழ்ந்த கியர். இறக்கம் தொடங்குமுன்னரே கியரை மாற்றிக்கொள்ள வேண்டும். பெடலின்மேல் காலை இடைவிடாது வைத்திராமல், வேகம் மிகும்பொழுது உறுதியாக மிதித்துக் குறைத்து, பின் முற்றும் விட்டு, பிரேக்குக்கு மூச்சுவிட நேரம் தருதல் வேண்டும்.

நான்கு சக்கர இயக்க வண்டிக்கு ‘லோ’ என்னும் தனித் தாழ்கியர்த் தொகுதி உண்டு. அது எஞ்சினின் தடையை இரு மடங்குக்கும் மேலாகப் பெருக்கவல்லது. கரடுமுரடான மண்பாதையில் அதனினும் சிறந்த துணை இல்லை. ஆனால் முன்பின் அச்சுகளுக்கிடையே டிஃபரன்ஷியல் இல்லாத வண்டிகளில், உலர்ந்த தார்ச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் அதைப் பூட்டினால் அச்சுகள் முறுக்கேறிப் பழுதுபடும். அங்கு இரு சக்கர இயக்கத்தில் முதல் அல்லது இரண்டாம் கியரே தக்கது. இறக்கத்தில் வேகத்தைத் தானே காக்கும் புதிய மின்னணு அமைப்புகளும் பிரேக்கைக் கொண்டே அதைச் செய்வதால், நெடிய மலைப்பாதைக்கு அவற்றை நம்பலாகாது.

எரிபொருள் மிச்சமென்று நியூட்ரலில் விடுவது பெருந்தவறு. இக்காலத்து எஞ்சின்கள் கியரில் இறங்கும்பொழுது எரிபொருளைத் தாமே நிறுத்திவிடுமாகையால் மிச்சமும் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டால் காலுக்குத் துணை செய்யும் வெற்றிட சக்தியும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். கருகிய நாற்றம் எழுந்தாலோ, பெடல் சிறிது நீண்டாலோ உடனே தகுந்த இடத்தில் நின்று, காற்றாற் குளிரவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் காய்ந்த டிஸ்க் வெடிக்கக்கூடும்.

நாம் ஆராய்ந்தவற்றை ஒரு தாளில் எழுதி நண்பரிடம் கொடுத்தோம். குற்றத்தை நான்காகப் பங்கிட்டிருந்தோம்: ஆயிலை மாற்றாத உடையவர்க்கு ஒன்று, நெம்புகோலைத் திருத்தாத பட்டறைக்கு ஒன்று, உயர்ந்த கியரில் இறங்கிய டிரைவருக்கு ஒன்று, அவசரப்படுத்திக் கூரைமேல் சுமை ஏற்றிய நமக்கு ஒன்று. நண்பர் அதை இரு முறை படித்தார். பின்னர் டிரைவரை அழைத்து, “உம் சொல்லை நம்பாதது என் பிழை” என்று நம் முன்னிலையிலேயே கூறினார். வெளிநாட்டுப் பிரேக்குகளை வரவழைக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. புதிய ஆயிலும் பேட்டும் குழாய்களும் பூட்டி, நெம்புகோலைத் திருத்தி, டயர்களைப் பழைய அளவுக்கே மாற்றியதற்கு, அவர் செலவிட எண்ணியிருந்ததில் ஒரு சிறு பகுதியே ஆயிற்று.

அடுத்த ஆண்டு அதே வண்டியில், அதே டிரைவரோடு கொல்லிமலை சென்று இறங்கினோம். கூரைமேல் ஒன்றும் இல்லை. இரண்டாவது கியரில் எஞ்சின் முழங்கிக்கொண்டே வந்தது. டிரைவரின் கால் பெரும்பாலும் பெடலைத் தொடாமலே இருந்தது. எழுபது வளைவுகளும் கடந்து அடிவாரத்தில் இறங்கி, முன்சக்கரத்தருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். சூடு இருந்தது, நாற்றம் இல்லை. சேலத்து ரயில் அன்று நமக்கு முன்னே போய்விட்டது. அடுத்த ரயிலுக்காக மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அதைக் குறித்து ஒருவரும் குறை கூறவில்லை.

மலைப்பயணம் புறப்படும் அன்பர்கள் வண்டியின் குதிரைச் சக்தியைக் கேட்குமுன், பிரேக் ஆயில் கடைசியாக மாற்றிய நாள் எது என்று கேட்பாராக. இறங்கும்பொழுது டிரைவரை எவ்வகையாலும் விரைவுபடுத்தாதிருப்பாராக. பெடல் தாழ்கிறதென்று அவர் சொன்னால், சமதரையில் குற்றம் தெரியவில்லை என்பதற்காக அச்சொல்லைத் தள்ளிவிடாதிருப்பாராக.